ஆண் பிள்ளை பெற்ற கதை

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்த ஓரிரு வருடங்களில் நான் நெடுந்தீவில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். பிறந்தது ஊர்காவற்றுறை. கடலைப் பார்த்தபடியே வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றும். ஆனால் கடலுக்குள் இருக்கிறவற்றைப் பற்றிப் பேசச் சொன்னால் மட்டும் என்னை நிறுத்துவது கஷ்டம். பத்திரிகைகளின் ஓரத்தில் இடம் நிரப்பப் போடுவார்களே அறிவியல் துணுக்குகள், அவற்றைச் சின்ன வயதிலிருந்தே தேடித் தேடி வாசித்தவன் நான். என் தலையில் உருப்படியான விஷயங்கள் தங்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவைதான் குடியிருந்தன.

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டும். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், ஆடு, ஆட்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் பயணம். வாந்தி வராமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பேச்சு. பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, “கணவாய்க்கு மூண்டு இருதயம், தெரியுமோ?” என்று தொடங்கிவிடுவேன். ஒருமுறை மீன் விற்கும் அக்கா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “அதுதான் தம்பி, எவ்வளவு நேரம் அடுப்பில வைச்சாலும் அவிய மாட்டன் எண்டு நிக்குது” என்றார்.

பள்ளிக்கூடத்திலும் இதே பழக்கம்தான். கடலட்டை பின்பக்கத்தால் மூச்சு விடும், பகைவன் வந்தால் தன் குடலையே வெளியே எறிந்துவிட்டுத் தப்பும், பிறகு உள்ளுக்குள் புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும் என்று எட்டாம் வகுப்புக்குச் சொன்னேன். பிள்ளைகள் மற்றப் பாடமெல்லாம் மறந்துவிட்டு அந்த மூச்சு விஷயத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். “சேர், நீங்கள் சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா சோதினையில வாறதையும் எப்பன் சொல்லிக் குடுங்கோ” என்றார். ஊரில் எனக்கு ‘தெரியுமோ மாஸ்டர்’ என்று பெயர் விழுந்தது.

என் மனைவியைக் கண்டதும் அந்தப் படகில்தான். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான் யாரோ ஒருவரிடம் கணவாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வாங்கிலிருந்து திரும்பி, “மூண்டில ஒண்டு நிண்டுபோனால் மற்ற ரெண்டும் ஓடுமோ?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் என் துணுக்குகளைக் கேட்டவர்கள் ஒன்று ஆச்சரியப்படுவார்கள், அல்லது நித்திரை கொள்வார்கள். திருப்பிக் கேள்வி கேட்டவர் இல்லை. பதில் தேடிக்கொண்டு அடுத்த கிழமையும் அதே படகில் போனேன். பதில் கிடைக்கவில்லை, கலியாணம் நடந்தது.

கலியாணத்துக்குப் பிறகு அவள் வீட்டோடேயே இருந்தோம். மாமா கடற்றொழில் செய்பவர். பெரிய தோள், சின்னக் குரல். என்னை நல்ல பொடியன் என்றுதான் நினைத்தார். என் துணுக்குகள் மேல்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணம் சாட்டிக் கடற்கரை.

கலியாணம் முடிந்த கையோடு என் அக்கா வீட்டுக்குப் போய்வரும் வழியில், குடும்பமாகச் சாட்டியில் இறங்கினோம். மாமி இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. வெள்ளை மணலில் துணி விரித்து எல்லோரும் இருந்த பிறகு நான் வாயைத் திறந்தேன்.

“பவளப்பாறை இருக்கிற கடல்களில இந்த மாதிரி வெள்ளை மணலில ஒரு பங்கு கிளிமீனின்ர எச்சம், தெரியுமோ? அது பாறையைக் கடிச்சு அரைச்சுத் தின்னும். சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணலாப் போட்டிடும்.”

மாமியின் கை இடியப்பத்தில் நின்றது. “எதை மணலாப் போட்டிடும்?”

“வயித்தால போறதைத்தான் மாமி.”

மாமி எழும்பிவிட்டா. சாட்டி மணலில் கிளிமீனின் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். இடியப்பம் முழுவதையும் அவ நின்றுகொண்டே சாப்பிட்டா. மாமா நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பார்த்தார். “தம்பி, நான் அம்பது வருசமாக் கடலில. ஒரு மீனும் எனக்கு மணல் போட்டுக் காட்டேல்லை” என்றார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவர் முகத்தில் அந்த மணல் தெரிந்தது.

மனைவிக்கு ஆறாம் மாதம் நடந்தபோது வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது. தண்ணீர். எங்கள் வளவுக் கிணற்று நீர் உவர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய்க் கலன்களில் கொண்டுவர வேண்டும். அதுவரை மனைவிதான் சைக்கிளில் போய் வந்தாள். இனி அவள் போகக் கூடாது. யார் போவது? நான் பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். மாமா கடலைக் காட்டினார். இரண்டு பேரும் வேலையை மற்றவர் தலையில் மரியாதையாக ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தபோது, அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று சொன்னேன். “கடற்குதிரையில ஆம்பிளைதான் பிள்ளை பெறும், தெரியுமோ?”

அவள் முகம் மலர்ந்தது. “மெய்யாவோ?”

“மெய்யா. பொம்பிளை முட்டையை ஆம்பிளையின்ர வயித்தில இருக்கிற பைக்குள்ள விட்டிட்டுப் போயிடும். அவர்தான் சுமக்கிறது, பெறுறது எல்லாம்.”

“அப்பா, கேட்டனீங்களே?”

மாமா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். “என்ன விசர்க் கதை இது? பெறுறது எண்டால் அது பெட்டை. ஆம்பிளை பெறுறது எண்டு ஒண்டு இருக்கோ?”

“இருக்கு மாமா. கடற்குதிரையில இருக்கு.”

“நான் எத்தினையைக் கண்டனான்! வலையில சாதாளையோட வந்து மாட்டும். காயவைச்சால் மருந்துக்கு எண்டு ஆரோ வாங்குவினம். ஒண்டும் எனக்கு முன்னால பிள்ளை பெறேல்லை.” சாதாளை என்பது எங்கள் பக்கத்துக் கடல் அடியில் புல்லுப்போல வளர்வது, ஒதுங்கினால் தோட்டத்துக்கு எருவாகப் போடுவார்கள்.

மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, முன்பள்ளியில் சண்டை தீர்க்கும் குரலில் சொன்னாள். “அப்ப இப்பிடிச் செய்வம். இனி வலையில கடற்குதிரை வந்தால் இஞ்ச கொண்டு வாங்கோ. ஆம்பிளை பெத்தால் தண்ணி அள்ளுறது அப்பா. பெறாட்டி இவர்.”

மாமா சிரித்தார். என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைக்கச் சொன்னார்.

சில கிழமைகள் கழித்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு வாளியைக் காலால் தள்ளினார். “இந்தாரும் உம்மட குதிரை.”

வாளிக்குள் கலங்கிய கடல்நீரில், ஒரு சாதாளைத் தாளை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அது நிமிர்ந்து நின்றது. விரல் நீளம்தான் இருக்கும். குதிரையின் தலை, குரங்கின் வால், மேலெல்லாம் வரிவரியாக எலும்புக் கவசம். நான் அதுவரை உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. வாளிக்கு முன்னால் முழந்தாளிட்டுவிட்டேன். அதன் வயிறு, வால் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு சின்னப் பலூனைப்போல ஊதியிருந்தது.

“மாமா, இது ஆண். பாருங்கோ, பை. சினை இருக்கு.”

“பை இல்லை, வயிறு. வயிறு இருந்தால் பெட்டை.”

வீட்டுக்குக் கொண்டுபோனோம். தோடம்பழ இனிப்புப் போட்டுவைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, கடல்நீர் நிரப்பி, சாதாளையோடு அதை விட்டேன். போத்தலை யன்னலோரம் மேசையில் வைத்தோம். மனைவி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருந்தாள்.

“அப்பா, உங்களுக்கும் வயிறு இருக்குத்தானே?” என்றாள்.

“அது கள்ளு, பிள்ளை” என்றார் மாமா.

மாமி குசினியிலிருந்து எட்டிப்பார்த்தா. “இந்த ஊரில தரையில திரியிற குதிரை போதாதெண்டு கடலில இருந்து வேற கொண்டு வந்திருக்கினம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. ஆனால் கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவவும் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தா. “கண்ணைப் பார். ஒண்டு என்னைப் பார்க்குது, மற்றது அங்கால எதையோ பார்க்குது.”

“ரெண்டு கண்ணையும் வெவ்வேற பக்கம் திருப்பும், மாமி.”

“எனக்கும் அப்பிடி இருந்தால் கறியையும் பார்த்துக்கொண்டு உங்களையும் பார்க்கலாம்.”

எனக்கு அன்றுதான் உண்மையான வேலை தொடங்கியது. கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது தங்காமல் போய்விடும் என்பதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அதுவும் உயிரோடு அசைவதைத்தான் தின்னும். நான் விடியவும் பின்னேரமும் கரைக்குப் போய், பாறைக் குழிகளில் துணியை விரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் இறால் குஞ்சுகளை வாரிக்கொண்டு வந்தேன். கூடவே வாளி வாளியாகப் புதுக் கடல்நீர். நல்ல தண்ணீர் அள்ளச் சோம்பல் பட்டவன் இப்போது உப்புத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அது இரை பிடிப்பதைப் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கும். இறால் குஞ்சு மூக்குக் குழாய்க்கு முன்னால் வந்ததும் தலையைச் சட்டென்று ஒரு வெட்டு. காதைக் கண்ணாடியில் வைத்தால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இறாலைக் காணோம்.

“இரைப்பை இல்லாமல் எந்த நேரமும் தின்னுமோ?” என்றாள் மனைவி, கையிலிருந்த பணிஸைக் கடித்தபடி. “எனக்கு இரைப்பை இருந்தும் அதே கதைதான்.”

செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. மாஸ்டர் வீட்டில் ஓர் ஆம்பிளைக்கு வயிற்றில் பிள்ளையாம் என்று அது போன விதத்தில், என்னைக் கண்டவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்த்தார்கள். படகுத்துறையில் ஒருவர் என் கையைப் பிடித்து, “பாரம் தூக்காதேங்கோ மாஸ்டர்” என்று வலு கவலையோடு சொன்னார். மாலை வேளைகளில் பெண்கள் வந்து போத்தலைச் சுற்றி நின்றார்கள். ஆண்கள் வந்தால் வாசலோடு நின்று, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் யாருக்கும் அந்தப் பிராணியோடு அதிக நேரம் இருக்கப் பிடிக்கவில்லை.

மனைவியைப் பார்க்க மிட்வைஃப் அம்மா வந்தபோதும் அது மேசையில்தான் நின்றது. தீவு முழுவதும் சைக்கிளிலேயே திரிபவர், சிரிக்க நேரம் இல்லாதவர். மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கால் வீக்கத்தை அமத்திப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு எழும்பியவர் போத்தலைக் கண்டார். குனிந்து முன்பக்கமும் பக்கவாட்டிலும் பார்த்தார்.

“இவருக்கு எத்தினை மாசம்?”

“தெரியேல்லை மிஸ்ஸி. முழுக்கவே ரெண்டு மூண்டு கிழமைதான் சுமக்கிறது எண்டு வாசிச்சனான்.”

“குடுத்து வைச்சவர்” என்றார் மிட்வைஃப் அம்மா. “வயிறு நல்லா இறங்கியிருக்கு. கனநாள் போகாது.” பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார். “இவருக்கு உப்பைக் குறைக்க ஏலாது, பாவம்.” அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

மாமா மட்டும் அசையவில்லை. கடலுக்குப் போகுமுன் போத்தலுக்குக் கிட்ட வருவார், “என்னடி பெட்டை, சுகமோ?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்.

ஒரு பின்னேரம் மனைவிக்கு, அதைப் பற்றி எனக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்க ஆசை வந்தது. எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கடற்குதிரைகள் சோடி சோடியாக இருக்கும், பெண் ஒவ்வொரு விடியலும் ஆணைத் தேடி வரும் என்றேன். இரண்டும் வாலோடு வால் கோத்து, நிறம் மாறி மாறி, சாதாளையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆடும். பிறகு பெண் தன்பாட்டில் போய்விடும். அடுத்த விடியல் திரும்பவும் வரும்.

கேட்டுக்கொண்டிருந்தவள் போத்தலைப் பார்த்தாள். அதிலே அது தன் சாதாளைத் தாளைப் பிடித்தபடி யன்னல் பக்கம் திரும்பி நின்றது.

“அப்ப இவ்வளவு நாளும் ஒவ்வொரு விடியவும் அவள் வந்து தேடிப் பாத்திட்டுப் போறாள்?”

எனக்குத் துணுக்கு சொல்லத் தெரியுமே தவிர, அது இப்படி முடியும் என்று தெரியாது. “இருக்கலாம்” என்றேன்.

“கொண்டுபோய் விடுங்கோ.”

“இண்டைக்கோ நாளைக்கோ பெறப்போகுது. பெத்த உடன விடுவம். மாமாவுக்கு ஒருக்காக் காட்டவேணுமே.”

“இஞ்சாருங்கோ, என்னை ஒரு போத்தலுக்குள்ள விட்டு, எப்ப பெறுவாள் எண்டு ஊர்ச் சனம் எல்லாம் சுத்தி நிண்டு பார்த்தால் எனக்கு எப்பிடி இருக்கும்?”

ஆசுப்பத்திரியில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்வார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். நாளைக்கு மாமா கடலுக்குப் போகும்போது கொண்டுபோய் விடுவது என்று முடிவானது.

அடுத்த நாள் விடிய நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ! கெதியா ஓடி வாங்கோ!” அந்தக் குரலைக் கேட்டு நான் மட்டுமல்ல, குசினியிலிருந்து மாமியும், வளவுக்குள் வலையோடு நின்ற மாமாவும் ஓடி வந்தோம். எங்கள் மூன்று பேருக்குமே அவளுக்குத்தான் ஏதோ என்று பயம். அவளோ கதிரையில் நேராக இருந்துகொண்டு போத்தலைக் காட்டினாள்.

அது வாலைத் தாளில் இறுக்கிப் பிடித்திருந்தது. உடம்பு முன்னுக்கு மடிந்து நிமிர்ந்தது, திரும்ப மடிந்து நிமிர்ந்தது. பையின் வாய் திறந்தது. ஒவ்வொரு முறை மடியும்போதும் அதிலிருந்து புகைபோல ஒரு கொத்து வெளியே வந்தது. முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் குதிரைத் தலை, சுருட்டிய வால். பிறந்த கணத்திலேயே நிமிர்ந்து நின்று நீந்தின. பிடிக்க எதுவும் கிடைக்காதவை ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டன. எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கி உடனேயே விட்டுவிட்டேன்.

மாமி சிலுவை போட்டுக்கொண்டா. மனைவி தன் வயிற்றில் கை வைத்திருந்தாள். நான் வாசித்த துணுக்கு நான்கு வரிதான். அந்த நான்கு வரிக்குள் இவ்வளவு பாடு இருக்கும் என்று அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

கடைசிக் கொத்து வந்து, அது களைத்து, தலையைச் சரித்துக்கொண்டு நின்றது. நான் மெதுவாக மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

மாமாவின் முகம் வெற்றியில் மின்னியது. “பாத்தீரோ! பெத்துப்போட்டுது. நான் அப்பவே சொன்னனான், பெட்டை எண்டு!”

இவ்வளவு நாளும் இறால் குஞ்சு வாரி, தண்ணீர் மாற்றி, நான் காத்திருந்த அந்த ஒரே ஆதாரம் அவர் பக்கம் போய் நின்றுகொண்டது. “மாமா, இது ஆண். அதுதான் அதிசயம்.”

“பெத்ததை என்ர கண்ணால கண்டனான். பிறகென்ன ஆண்?”

“முட்டை போட்டது ஆரோ அவதான் பொம்பிளை. இவர் முட்டை போடேல்லை.”

“அது ஆர் கண்டது? முட்டை போட்டதை நீர் கண்டனீரோ?”

காணவில்லைத்தான். முட்டை போட்டவள் கடலில் எங்கேயோ இருந்தாள். விஞ்ஞானம் படித்தவன் என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு, ஓர் ஆண் ஏன் ஆண் என்று ஒரு கடற்றொழிலாளிக்கு விளங்கப்படுத்த ஒரு சொல் வரவில்லை. விந்து, சூல் என்று மாமிக்கு முன்னால் தொடங்கவும் கூச்சமாக இருந்தது.

“அப்பா சொல்லுறபடி பார்த்தால் உலகத்தில ஒரு ஆம்பிளையும் பெற ஏலாது” என்றாள் மனைவி. “பெத்த உடன நீங்கள் அவரைப் பெட்டையாக்கிப் போடுவீங்கள்.”

“ஓம், அதுதானே சரி” என்றார் மாமா.

மாமிதான் அதை நிறுத்தினா. “ஆம்பிளையோ பொம்பிளையோ, பிள்ளை பெத்த உடம்பு. நீங்கள் ரெண்டு பேரும் கத்திக்கொண்டிருக்க, குஞ்சுகள் போத்தலுக்குள்ள சாகப்போகுது. கொண்டுபோய் விடுங்கோ முதல்.”

மனைவி தீர்ப்புச் சொன்னாள். “ரெண்டு பேரும் வெல்லேல்லை. ஒருநாள் அப்பா தண்ணி அள்ளட்டும், ஒருநாள் இவர். ரெண்டு பேரும் இப்ப இதைக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ.”

போத்தலை மடியில் அணைத்துக்கொண்டு நான் மாமாவின் வள்ளத்தில் ஏறினேன். கரையை விட்டுக் கொஞ்சம் போகவே வயிறு பிரட்டத் தொடங்கியது. மாமா கோலால் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “கதையும் தம்பி. கதைச்சால்தான் உமக்குச் சரிவரும். ஏதாவது சொல்லும்.”

என் வைத்தியத்தை அவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கொடுவாய் மீன் பிறக்கும்போது ஆண், வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும், தெரியுமோ என்றேன்.

வழக்கம்போல மறுப்பார் என்று பார்த்தேன். அவர் கோலை ஊன்றியபடி நின்றார். வள்ளம் தானாகவே கொஞ்சத் தூரம் போனது.

“பெரிய கொடுவாய் எல்லாம் சினையோடதான் வாறது” என்றார் மெல்ல. “பெரிசில ஆணைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. அதுகள் எங்கயோ ஆழத்தில நிக்குதாக்கும் எண்டு நினைச்சனான்.” கோலைத் திரும்ப ஊன்றினார். “அப்ப சின்னனில பிடிச்சதெல்லாம்?”

“ஆம்பிளை.”

“பிறகு பொம்பிளை?”

“ஓம் மாமா.”

“சீ, எங்கட கடல் இப்பிடியெல்லோ நடந்துகொண்டிருக்கு!” என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

அவர் வலை போட்ட இடம் இடுப்பளவு தண்ணீர்தான். கீழே சாதாளை பச்சைப் பசேலென்று அசைந்தது. கிட்டத்தில் போதும் என்று நான் நினைத்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, மிக அடர்த்தியான ஒரு திட்டைத் தேடிப் போய் நிறுத்தினார். குஞ்சுகளில் மிகச் சிலதான் தப்பும், மிச்சத்தை மீன்கள் தின்றுவிடும் என்று நான் முதல்நாள் வீட்டில் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். போத்தலை என்னிடமிருந்து வாங்கி, அப்படியே அமிழ்த்தி, கடலும் போத்தலும் ஒன்றாகும் வரை சரித்துப் பிடித்திருந்தார். குஞ்சுகள் ஒவ்வொன்றாகவும் கொத்தாகவும் மிதந்து போய்ச் சாதாளைக்குள் மறைந்தன. பெரியது கடைசியாக வந்தது. ஒரு தாளைப் பிடித்தது. பிறகு அதை விட்டு அடுத்ததைப் பிடித்தது. அந்த இலையும் அதுவும் ஒரே நிறமாகிவிட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

மாமா உடனே ஏறவில்லை. தண்ணீருக்குள் நின்று அந்த இடத்தையே பார்த்தார்.

“இந்தப் பக்கம்தான் வலை போட்டனான். அவன்ர பெண்சாதி இஞ்சதான் எங்கயும் நிப்பாள்” என்றார்.

அவன் என்று அவர் சொன்னதை எடுத்துக் காட்டியிருந்தால், வள்ளம் கரை சேர்வதற்குள் அவர் திரும்பவும் அதைப் பெட்டையாக்கியிருப்பார். வாந்தி வந்ததால் பேசாமல் இருப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாகவும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் அள்ளினோம். மாமாவின் முறையில் அவர் கலன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்போது, கிணற்றடியில் நிற்கும் பெண்கள் ஏதாவது சொல்லுவார்கள். அவர் கேட்காதவர் போல வாளியை விடுவார். ஒருநாள் மட்டும், “கடலில ஆம்பிளையள் பிள்ளையே பெறுதுகள், இது வெறும் தண்ணிதானே” என்று சொன்னாராம். மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எட்டாம் மாதம் முடிய மனைவியை ஊர்காவற்றுறையில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். தீவிலிருந்து கடைசி நேரத்தில் படகு பிடித்து ஓட முடியாது என்பதால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நோவு தொடங்கிய காலையில் யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஆண்களை விடமாட்டார்கள். நான் வெளியே மற்றத் தகப்பன்மாரோடு விறாந்தையில் நின்றேன். எல்லோருக்கும் சொல்ல ஆயிரம் துணுக்கு இருந்தும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் என்னிடம் நேரம் கேட்டபோது மணிக்கூட்டைப் பார்த்துவிட்டும் தெரியாது என்றேன்.

மகள் பிறந்தாள். அடுத்த நாள் மாமா வந்து சேர்ந்தார், தோய்த்த வேட்டியும் ஒரு பை இறாற் கருவாடுமாக.

“என்ன பிள்ளை?”

“பொம்பிளைப் பிள்ளை, மாமா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வடிவாப் பாத்தனீரோ?” என்று கேட்டுவிட்டு, நான் விளங்கிக்கொள்ளுமுன் தானே உரக்கச் சிரித்தார். அந்தச் சின்னக் குரலுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருந்தது. தாதி ஒருவர் வந்து இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

சில கிழமைகளுக்குப் பிறகு பிள்ளையோடு தீவுக்குத் திரும்பினோம். குறிகட்டுவானில் பைகளைச் சோதித்த நேவிக்காரன் துணிக் கட்டை விலக்கிப் பார்த்தான். உள்ளே பிள்ளை நித்திரை. மெதுவாகத் திரும்ப மூடிவிட்டுக் கையை அசைத்தான். படகில் மனைவி நடுவில் இருந்தாள். நான் யன்னலோரம் தலையை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தேன்.

நெடுந்தீவுத் துறையில் அன்று நீர் வற்றியிருந்தது. படகு கீழே, துறை மேலே. பிள்ளையோடு மனைவியால் ஏற ஏலாது, எனக்கோ நிற்கவே ஏலாது. மூட்டை இறக்க நின்றவர் ஒருவர் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். அவரிடமிருந்து ஓர் அக்கா வாங்கினா, அவவிடமிருந்து ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டு இன்னொருவர் வாங்கினார். பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகக் கை மாறி மாறி, பிள்ளை கண் விழிக்காமல் மேலே போய்ச் சேர்ந்தது. மேலே மாமி நின்றா. வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தா.

“ஆராவது ஒருத்தராவது கையைக் கழுவினனீங்களோ?” என்று கேட்டா.